மண்ணுக்கடியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

மரத்தடியில் ஈரமண்ணைக் கிளறிப் பார்த்திருக்கிறீர்களா? மக்கிய சருகுகளுக்கிடையே வெண்மையான நூலிழைகள் தென்படும். அவை பூஞ்சையின் இழைகள். எல்லாப் பூஞ்சைகளும் சருகை மட்டும் உண்டு வாழ்வதில்லை. சில, மரங்களின் வேரோடு உறவு கொண்டவை. இவ்வுறவை விஞ்ஞானிகள் அறிந்த வரலாறு சுவையானது.

டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும், விலையுயர்ந்த ஒருவகைக் காளான். அதைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாரைக் கேட்டுக்கொண்டது. அவ்வாராய்ச்சியின்போது மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல் மூடியிருப்பதை அவர் கண்டார். 'இது நோயன்று, இருவரும் சேர்ந்து வாழும் வாழ்க்கை' என்றார். 1885-இல் இதற்கு 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதற்குப் 'பூஞ்சை வேர்' என்பது பொருள். பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. ஆனால் அவர் கூறியதே சரி. பூஞ்சை நீரையும் தாது உப்புகளையும் தருகிறது. மரம் சர்க்கரையைத் தருகிறது.

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. ஒரே பூஞ்சை இரு மரங்களின் வேர்களில் பற்றியிருந்தால், ஒன்றின் உணவு மற்றொன்றுக்குச் செல்லுமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டக்ளஸ் ஃபர் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இடையில் முளைக்கும் பூர்ச்ச மரத்தைக் களையென்று அழித்தார்கள். அங்கு வனத்துறையில் பணியாற்றிய சூசன் சிமார்டு என்ற விஞ்ஞானி இதை ஐயுற்றார். கன்றுகளைப் பைகளால் மூடி, ஒன்றுக்குக் கார்பன்-13, மற்றொன்றுக்குக் கார்பன்-14 கொண்ட கரியமில வாயுவைச் செலுத்தினார். இந்த அடையாளக் கார்பன் எங்கே போகிறது என்று பின்னர் அளந்தார். முடிவு 1997-இல் வெளியாயிற்று. இரு மரங்களும் கொடுத்தன, பெற்றன. ஆனால் நிகர வரவு ஃபருக்கே. அடர்ந்த நிழலில் நின்ற ஃபர் கூடுதலாகப் பெற்றது. வேறுவகைப் பூஞ்சையோடு வாழும் செடார் மரம் சிறிதளவே பெற்றது.

உலகமே வியந்தது. 'காடே ஒரு குடும்பம், தாய்மரம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது' என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால், செடாருக்குச் சிறிதேனும் சென்றது எப்படி? கார்பன் இழை வழியாகச் சென்றதா, மண் வழியாகக் கசிந்ததா?

2023-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் பழைய சான்றுகளை எல்லாம் மறுபடி ஆராய்ந்தனர். காட்டில் கிடைத்த சான்றுகள் இத்தகைய கூற்றுகளுக்குப் போதா என்று எழுதினர். சிமார்டு அதை மறுத்தார். அம்மூவருள் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சிமார்டுடன் சேர்ந்து எழுதியவர்!

தாம் பங்குகொண்ட ஆராய்ச்சியையே மீண்டும் உரசிப் பார்க்கும் இத்துணிவு விஞ்ஞானத்துக்கு மிகவும் தேவையானது. மரமும் பூஞ்சையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதில் ஐயமில்லை. மரத்துக்கு மரம் எவ்வளவு தருகிறது என்பதை இனிவரும் சோதனைகளே சொல்ல வேண்டும். அவற்றைச் செய்யப்போகிறவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.