கானக சாகசத் திரைப்படங்கள்

கானக சாகசத் திரைப்படங்கள் என்பவை, அமெரிக்காவின் ஹாலிவுட்டில் 1930ஆம் ஆண்டையொட்டிப் பெருகத் தொடங்கி 1950களின் நடுப்பகுதி வரையில், சொற்பச் செலவிலும் சொற்ப நாட்களிலும் தயாரிக்கப்பட்டு, பெரிய படங்களுக்குத் துணைப்படமாகவும் சிறுவர்களுக்கான பகற்காட்சியாகவும் திரையிடப்பட்ட ஒரு வகைப் படங்களாகும். கதை நிகழும் இடம் ஆப்பிரிக்காவோ, இந்தியாவோ, பெயரற்ற ஏதோவொரு தீவோ, எதுவாயினும், அங்கே வந்து சேரும் வெள்ளைக்காரன் ஒருவனே வீரன். அவ்விடத்து ஜனங்களோ அவனுடைய மூட்டைகளைச் சுமப்பவர்கள், அல்லது அவனைக் கண்டு அஞ்சி ஓடுபவர்கள், அல்லது மறைவிலிருந்து ஈட்டி எறிபவர்கள். இவ்வகைப் படங்களின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கும், குறிப்பாக ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இன்று பெரிதும் மறக்கப்பட்ட செய்தியாதலின், அப்பங்கு இக்கட்டுரையில் சற்று விரிவாகவே எடுத்துரைக்கப்படுகின்றது.

இவ்வகையின் வித்து, எட்கர் ரைஸ் பரோஸ் என்ற அமெரிக்கர் 1912இல் எழுதிய டார்ஸான் கதையாகும். ஆப்பிரிக்க மண்ணில் ஒருநாளும் கால் வைத்திராத அவர், குரங்குகளால் வளர்க்கப்பட்டும் ஆங்கிலப் பிரபு வம்சத்தின் இரத்தத்தினாலேயே காட்டுக்கு அதிபதியாகிவிடுகிற ஒருவனைச் சிருஷ்டித்தார். அக்கதை 1918இல் மௌனப் படமாயிற்று. பேசும்படம் வந்த பின்னர், எம்.ஜி.எம். நிறுவனம் மெய்யாகவே ஆப்பிரிக்காவுக்கு ஆட்களை அனுப்பி 'டிரேடர் ஹார்ன்' என்ற படத்தை எடுத்து 1931இல் வெளியிட்டது. அதில் எஞ்சிய காட்சிகளை வீணாக்க மனமின்றி, அவற்றையும் சேர்த்து மறு ஆண்டே ஜானி வைஸ்முல்லர் நடித்த முதல் டார்ஸான் படத்தை முடித்தது. அப்படத்துக்கு ஆப்பிரிக்க யானைகள் கிடைக்கவில்லை. ஆகவே நம் ஆசிய யானைகளுக்கே பெரிய போலிக் காதுகளைக் கட்டிவிட்டு, அவற்றை ஆப்பிரிக்க யானைகளாக நடமாட விட்டார்கள். மிருகத்துக்கு வேஷம் போட்டுக் காட்டை உண்டாக்கும் இந்த வழக்கம் பிற்காலத்தில் சேலம் வரையில் வந்து சேர்ந்தது.

பெரிய நிறுவனங்களோடு சிறிய நிறுவனங்களும் இப்பாதையில் கூட்டமாக நுழைந்தன. 1930இல் வெளிவந்த 'இங்காகி' என்ற படம், காங்கோவில் எடுத்த உண்மைச் சித்திரம் என்று பறைசாற்றிக்கொண்டு, பெண்களைக் கொரில்லாக்களுக்குப் பலியிடும் ஒரு சமூகத்தைக் காட்டியது; அதன் பெரும்பகுதி பழைய படச்சுருள்களிலிருந்தும் கலிபோர்னியாவில் வேஷம் கட்டி எடுத்த காட்சிகளிலிருந்தும் ஒட்டப்பட்டது என்பது பின்னர் வெளிப்பட்டபோதிலும், அதற்குள் அது பெரும் பணத்தைச் சேர்த்துவிட்டது. யாதொரு அறிமுகமும் இல்லாத ஒரு ஜனசமூகத்தின்மீது இத்தகைய பழியைச் சுமத்திக் காசாக்கியது, கேலிக்கூத்து என்று தள்ளிவிடத்தக்கதன்று. அது ஓர் அநீதி.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இத்தொழில் ஓர் இயந்திர ஒழுங்கை அடைந்தது. பன்னிரண்டு படங்களில் டார்ஸானாக நடித்து வயது ஏறிவிட்ட வைஸ்முல்லருக்குச் சட்டையும் தொப்பியும் அணிவித்து, சாம் கட்ஸ்மன் என்ற தயாரிப்பாளர் 'ஜங்கிள் ஜிம்' வரிசையைத் தொடங்கினார். 1948 முதல் 1955 வரை அவ்வரிசையில் 16 படங்கள் வந்தன. டார்ஸானின் வளர்ப்பு மகனாக நடித்த ஜானி ஷெபீல்டை வைத்து மோனோகிராம் நிறுவனம் 1949 முதல் 'பொம்பா' வரிசையில் 12 படங்களை வெளியிட்டது. ஸ்டூடியோவுக்கு அருகிலுள்ள தோட்டமே ஆப்பிரிக்கா, அதன் குளமே காங்கோ நதி. சிங்கம் பாயும் காட்சி ஒரு பழைய படத்திலிருந்தும், முதலை நீந்தும் காட்சி மற்றொன்றிலிருந்தும் வரும். நடிகர் திரும்பிப் பார்ப்பது மட்டுமே புதிதாக எடுக்கப்படும். அக்காட்டு மனிதர்கள் பேசும் பாஷையையும் கதாசிரியர்கள் இட்டுக்கட்டினார்கள். அமெரிக்கத் திரையுலகம் 1930இல் தனக்கே விதித்துக்கொண்ட ஒழுக்க விதிகளில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலைக் காட்டலாகாது என்பதும் ஒன்று. ஆகவே எந்தக் கானகத்தின் நடுவிலும், விமானம் விழுந்தோ கப்பல் உடைந்தோ, ஒரு வெள்ளைப் பெண் வந்து சேர்ந்தே ஆகவேண்டியிருந்தது. இவற்றின் குறைகள் தனிப்பட்ட ஒரு டைரக்டரின் அறியாமையால் விளைந்தவையல்ல என்பதற்கும், தொழிலின் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தவை என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்தியா இவ்வகைக்குள் பிரவேசித்தது மைசூர் வழியாக. 1924இல் மைசூர் சமஸ்தானத்தின் காராபூரில் ஒரு யானைப்பாகனின் மகனாகப் பிறந்த சாபு என்ற சிறுவனை, ராபர்ட் பிளாஹர்ட்டியின் படப்பிடிப்புக் குழுவினர் மகாராஜாவின் யானைக் கொட்டடியில் கண்டெடுத்து, 'எலிபண்ட் பாய்' என்ற ஆங்கிலேயப் படத்தில் நடிக்கவைத்தனர். அது 1937இல் வெளிவந்தது. யானையின் மேல் அச்சிறுவன் அமர்ந்திருக்கும் இயல்பிலே பொய் இல்லை. பழக்கத்தால் வந்த தேர்ச்சி அது. பின்னர் ஹாலிவுட்டுக்குச் சென்ற சாபு, அமெரிக்கப் பிரஜையாகி, யுத்தத்தில் விமானப்படையில் சேர்ந்து வீரப் பதக்கமும் பெற்றார். யுத்தத்தில் அவரைச் சமமாக ஏற்ற தேசம், திரையில் அவருக்கு இடுப்புத்துணியும் தலைப்பாகையும் மட்டுமே வைத்திருந்தது. ஜிம் கார்பெட்டின் நூலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட 'மேன் ஈட்டர் ஆப் குமாவோன்' (1948) முதல், 'சேவேஜ் டிரம்ஸ்' (1951), 'ஜங்கிள் ஹெல்' (1956) வரை அவர் நடித்த படங்களின் தரம் படிப்படியாகத் தாழ்ந்தது. 1963இல், நாற்பது வயது நிறையாமலே காலமானார்.

தமிழ்ப் படவுலகம் இம்மோகத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை. பம்பாயில் 'தூஃபானி டார்ஸான்' என்ற இந்திப் படத்தில் காட்டு வீரனாகப் புகழ்பெற்ற ஜான் கவாஸ், கே. ஆர். செல்லத்துடன் 1938இல் 'வனராஜ கார்ஸான்' என்ற தமிழ்ப் படத்திலும் நடித்தார். ஆயினும் ஹாலிவுட்டே நேராக வந்து ஒரு தமிழ் ஸ்டூடியோவின் கையைப் பற்றியது 1952இல்தான்.

சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் 1930களின் நடுவில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அக்காலத்தில் தென்னிந்தியாவின் மிகக் கட்டுப்பாடான படத்தொழிற்சாலை எனலாம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் பயின்று திரும்பிய சுந்தரம், ஆலையின் காலக் கணக்கைப் படப்பிடிப்பிலும் கொண்டுவந்தவர். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கேயே உருவாயிற்று. 'சதிலீலாவதி' (1936) முதல் தமிழ்ப் படங்களை இயக்கிவந்த அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், அந்நிறுவனத்துக்கு 'பொன்முடி', 'மந்திரிகுமாரி' ஆகியவற்றை 1950இல் எடுத்துத் தந்துவிட்டுத் தாய்நாடு திரும்பினார். அவருடைய தொடர்பும் துணைசெய்ய, அமெரிக்காவில் மலிவுப் படங்களுக்குப் பெயர்போன ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனமும் மாடர்ன் தியேட்டர்ஸும் கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை உருவாக்கின. தமிழில் அதன் பெயர் 'காடு'.

டைரக்டராக வந்தவர் வில்லியம் பெர்க். ஜங்கிள் ஜிம் வரிசையின் முதற்படத்தை இயக்கியவர். கதை எழுதியவர் கேரல் யங். அவரும் டார்ஸான், ஜங்கிள் ஜிம் படங்களில் பழகிய கையே. ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னாவோ 'டிரேடர் ஹார்ன்' படத்தை ஆப்பிரிக்காவில் படமாக்கியவர். அமெரிக்க அகாதமியின் பரிசு பெற்றவர். இசையில் நம் ஜி. ராமநாதனும் தக்ஷிணாமூர்த்தியும் பங்கேற்க, நடிகர்களில் எம். என். நம்பியார் இடம்பெற்றார். இத்தனை தேர்ச்சியும் ஒன்றுகூடிய இடத்தில் கதை எவ்வாறு அமைந்தது என்பதே ஆராயத்தக்கது.

அந்நிய நாட்டிலிருந்து தன் சமஸ்தானத்துக்குத் திரும்புகிறாள் ஓர் இளவரசி. காட்டு யானைகள் கூட்டங்கூட்டமாகக் கிராமங்களுக்குள் புகுந்து நாசம் விளைவிப்பதாக அவளுக்குச் செய்தி வருகிறது. காரணம் என்ன என்று தேடும்போது, ஸ்டீவ் என்ற அமெரிக்க வேட்டைக்காரன், யுகங்களுக்கு முன் அழிந்துபோன மயிரடர்ந்த மாமத யானைகள் காட்டின் உட்புறத்தில் உயிருடன் இருப்பதாகவும், அவையே நம் யானைகளை விரட்டுவதாகவும் சொல்கிறான். உள்ளூர்ப் பிரமுகர்கள் அவனை நம்ப மறுக்கிறார்கள். இளவரசியாக நடித்தவர் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் பிறந்த மேரி வின்ட்சர்; அவளுடைய ஆலோசகன் ராமசிங்காக நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த சீசர் ரொமேரோ. வேட்டைக்காரன் ராட் காமரன். ஆக, கதையின் பிரதான இந்தியர் இருவரும் அமெரிக்கர். மெய்யான இந்தியர்கள் சிறு வேஷங்களுக்கும் கூட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டார்கள். காட்டின் இரகசியத்தை அறிந்தவன் வந்தவன். அறியாதவர்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மாமத யானைகளாகத் தோன்றுபவையும் வேறல்ல: பழகிய நம் யானைகளின்மேல் மயிர்ப் போர்வை கட்டிவிட்ட வேஷமே. இருபது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் காது கட்டியவர்கள், இங்கே உரோமம் கட்டினார்கள். படம் எடுக்கப்பட்டது சுதந்திரம் பெற்ற ஐந்தாம் ஆண்டிலே என்பதையும், தமிழ் முதலாளி ஒருவரின் பங்குடனே என்பதையும் எண்ணும்போது, மனப்பான்மை எவ்வளவு மெதுவாக மாறும் வஸ்து என்பது விளங்கும்.

இக்கதை எழுப்பிய கேள்வி மட்டும் பொய்யன்று. யானைகள் ஊருக்குள் ஏன் வருகின்றன என்பது சேலம் ஜில்லாவின் வடகோடியில் வாழ்ந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வாசலுக்கு வரும் கேள்வி. அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தன. கன்னட நாட்டின் பன்னேருகட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் தெற்கும் கிழக்குமாக இறங்கிவருவது, ராகி முற்றுகின்ற பருவத்தை ஒட்டியே நிகழ்கிறது. இப்பேருண்மையை அறிய வேட்டைக்காரனும் வேண்டாம், மாமத யானையும் வேண்டாம். மரத்தின்மேல் பரண் கட்டி, தகர டப்பாவும் தீப்பந்தமுமாக இரவெல்லாம் கண்விழிக்கின்ற அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்லுவார். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, கனரக வாகனம், மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆலைகள் அடுக்கடுக்காக வந்தபின், ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டுக்கு வரும் யானைகள் தொழிற்சாலைகளையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டியே நடக்க நேர்ந்தது. விரட்டுபவை எவை என்று கேட்டால், இன்றைய விடை இதுவே.

'காடு' படம் வெளிவந்த காலத்தில், இதே காடுகளைப் பற்றி மற்றொரு வகை எழுத்தும் உண்டாயிற்று. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) 1954இல் வெளியிட்ட முதல் நூலின் முதற்கதையே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றியது. தேன்கனிக்கோட்டைக்கு அருகிலுள்ள சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை, 1959இல் வந்த மற்றொரு நூலுக்குப் பெயர் தந்தது. ஆண்டர்சனும் துப்பாக்கி ஏந்திய துரைதான். அவர் எழுத்திலும் அக்காலத்து எஜமானத் தோரணை ஆங்காங்கே தலைகாட்டுகிறது. எனினும் பைரா என்னும் பூசாரிக்கு அவர் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கி, தடம் பார்க்கவும் காட்டின் ஒலிகளைப் பிரித்தறியவும் அம்மனிதனிடம் தான் கற்றதை வெளிப்படையாகச் சொல்கிறார். பாஷை தெரிந்து, பெயர் சொல்லி அழைத்து, கூட நடந்தவன் எழுதியதற்கும், படச்சுருளை ஒட்டியவன் சொன்னதற்கும் உள்ள தூரம் இங்கே நன்றாகத் தெரிகிறது.

ஹாலிவுட்டில் இவ்வகை 1950களின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்குள் ஒதுங்கித் தேய்ந்தது. 1962இல் ஜாக் மஹோனி நடித்து இந்தியாவிலேயே எடுக்கப்பட்ட 'டார்ஸான் கோஸ் டு இந்தியா' சிறிது வேறுபட்டது: அணை கட்டுவதனால் அழியவிருக்கும் யானைக் கூட்டத்தைக் காப்பதே அதன் கதை, சிமி கரேவால், ஃபெரோஸ் கான் முதலிய இந்தியர்கள் இந்தியர்களாகவே நடித்தார்கள். காப்பாற்ற வருபவன் அப்போதும் டார்ஸானே. தமிழ்ப் படத் தயாரிப்பாளரான சாண்டோ சின்னப்பா தேவர் யானையையும் புலியையும் வேறு பாவத்தில் திரைக்குக் கொண்டுவந்தார். 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', 1972இல் தமிழில் 'நல்ல நேரம்' ஆகியவற்றில் யானை, வேட்டைக்குரிய மிருகமாக இல்லாமல் மனிதனின் தோழனாயிற்று. அதே 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, வேட்டைக்காரன் என்ற கதாநாயகனுக்குத் தேசத்தில் இடமில்லாமற் போயிற்று. அவன் சுற்றித் திரிந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2014இல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

'காடு' மறக்கப்பட வேண்டிய படமன்று. சேலத்துத் தொழில்நுட்பர்களின் உழைப்புக்கும், அவ்வுழைப்பு எவருடைய கற்பனைக்கு அடிமைப்பட்டிருந்தது என்பதற்கும் அது ஒருங்கே சாட்சியாதலால், தமிழ்த் திரைப்படச் சரித்திரம் எழுதுவோர் அதை ஓர் அடிக்குறிப்பில் கழித்துவிடாமல் முழுமையாக ஆராயவேண்டும். இந்த எல்லைப்புறக் காடுகளைப் பற்றி இனிப் படம் எடுக்க வருகிறவர்கள், காமிராவை நிறுத்துவதற்கு முன், ஜவளகிரியிலும் அஞ்செட்டியிலும் பரணில் காவலிருக்கின்ற விவசாயிகளிடம் சில இரவுகளாவது அமர்ந்து கேட்கவேண்டும்.