வெயிலா, களையா? கொங்கு நாட்டுத் தோல் ஒவ்வாமையும் ஹோமியோபதியின் சான்றும்

கொங்கு நாட்டில் ‘வெயில் அலர்ஜி’ என்று வழங்கப்படுவது ஒரே நோயன்று. புறஊதாக் கதிர் பட்டு நேரே எழும் தடிப்பும் அதில் அடங்கும். பார்த்தீனியக் களையின் தூள் காற்றோடு வந்து தோலில் படிவதால் எழும் அழற்சியும் அடங்கும். 1950களின் நடுவில் புனே வட்டாரத்தில் கண்டறியப்பட்ட அக்களை, இன்று கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதிகளின் மேட்டாங்காடுகளிலும் சாலையோரங்களிலும் விற்காத மனையிடங்களிலும் மண்டிக் கிடக்கிறது. அதிலுள்ள பார்த்தெனின் முதலிய வேதிப்பொருள்களே ஒவ்வாமைக்குக் காரணம். கதிரால் வரும் தடிப்பு, நிழல் விழும் மேலிமையையும் மோவாயின் அடிப்பகுதியையும் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றுவழி அழற்சியோ இமையையும் கழுத்து, முழங்கை மடிப்புகளையும் பற்றும். நாட்பட்டால் இரண்டாவது முதலாவதைப் போலவே வெயிலுக்குக் கூசத் தொடங்கும். ஆகவே, ஹோமியோபதியால் வெயில் அலர்ஜி தீர்ந்தது என்னும் கூற்றை ஏற்குமுன், தீர்ந்தது எந்த நோய், அது தானாகத் தணியும் பருவம் எது என்று கேட்டாக வேண்டும்.

கதிரால் வரும் தடிப்பான பல வடிவ ஒளித்தடிப்பு, கோடை செல்லச் செல்லத் தோல் ஒளிக்குப் பழகுவதால் தானே குறைவதுண்டு. பார்த்தீனிய அழற்சி, தொடக்க ஆண்டுகளில் செடி தழைக்கும்போது மீறி, ஓயும்போது தணியும். நோய் உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் மருந்து தேடுகிறார்கள். அதன்பின் வரும் தணிவு மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வெயில் அலர்ஜிக்கு ஹோமியோபதியில் வழக்கமாகச் சொல்லப்படும் நேட்ரம் மூரியாட்டிகம் சாதாரண உப்பு. நூற்றில் ஒன்றாக முப்பது முறை நீர்த்த ‘30சி’ வீரியத்தில் அதன் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்ச வாய்ப்பில்லை; மூலக்கூறு எஞ்சக்கூடிய எல்லை பன்னிரண்டாம் படியிலேயே கடந்துவிடுகிறது. 61 உடல்நிலைகளைக் குறித்த ஆய்வுகளை ஆராய்ந்த ஆஸ்திரேலியத் தேசிய மருத்துவ ஆய்வுக் குழு, ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தக்க சான்றுள்ள நிலை ஒன்றுமில்லை என்று 2015-இல் முடிவுரைத்தது.

ஆளுக்கேற்ற மருந்தைப் பொதுச் சோதனையால் அளக்க முடியாது என்பர் ஹோமியோபதியர். மருத்துவர் தம் விருப்பப்படியே மருந்தைத் தேரட்டும். கொடுக்கப்படுவது அம்மருந்தா வெறும் சர்க்கரை உருண்டையா என்பதை மட்டும் மருத்துவர், நோயாளி இருவருக்கும் மறைத்தால் போதும். ஆங்கில மருத்துவத்திலும் நிரந்தரத் தீர்வில்லை, அதில் தரப்படும் ஸ்டீராய்டும் அசதயோபிரினும் தீங்கு செய்யும் என்னும் மறுப்பு வலுவானது. ஆனால் அத்தீங்கு அறியப்பட்டது. இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கத் தக்கது. ஒன்றின் குறை மற்றொன்றின் பலனுக்குச் சான்றாகாது. ஹோமியோபதி மருத்துவர் பொறுமையாகக் கேட்பதும் வெயிலைத் தவிர்க்கச் சொல்வதும் நோயாளிக்கு நன்மையே. அந்நன்மை உருண்டைக்கு உரியதன்று.

உருண்டையால் நேரடித் தீங்கு இல்லாமல் இருக்கலாம்; காலம் கடப்பதே தீங்கு. வெயிலையே குற்றவாளியாக்கி, வெறுங்கையால் பார்த்தீனியம் பிடுங்குவதைத் தொடரும் உழவருக்கு நோய் நாட்பட்டு வேரூன்றுகிறது. ஐயத்துக்குரிய பொருளை முதுகில் ஒட்டி 48 மணி நேரத்துக்குப்பின் பார்க்கும் ஒட்டுச் சோதனை காரணத்தைக் காட்டித்தரும். அவ்வாறு காரணம் உறுதியானவர்களைப் பருவச் சுழற்சி முழுவதும் தொடர்ந்து ஒப்பிட்டால்தான், ஹோமியோபதியின் உரிமைக்கோரலும் நேர்மையாகச் சோதிக்கப்பட்டதாகும்.