அரசர் ஊர்தியும் இளைஞர் ஊர்தியும்

தமிழகத்தை விட்டுப் பெங்களூரில் குடியேறி வாழும் நாம், விடுமுறை நாளில் கப்பன் பூங்காப் பக்கம் செல்லுங்கால், சில வேளைகளில் ஓர் அரிய காட்சியைக் காண்கிறோம். பழங்கால மோட்டார் வண்டிகள் பித்தளை விளக்குகள் மின்ன, கம்பி ஆரச் சக்கரங்கள் சுழல, வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அட்டை. வண்டி பிறந்த ஆண்டு, அதன் குதிரைத் திறன், அதை வைத்திருந்த மன்னர் அல்லது செல்வரின் பெயர் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். நம்முடன் வந்த சிறுவன், "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டால், அட்டையில் விடை இராது. எளிய கேள்விதான், ஆயினும் மோட்டார் வண்டியின் வரலாறு முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. இன்று நாம் ஆராயப் புகுவது அதனையே.

முற்காலத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பலவும் முழு வண்டியை விற்கவில்லை. எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டத்தை மட்டுமே விற்றன. மேற்கூட்டினை அமைப்பது வேறொரு கலைஞரின் தொழிலாக இருந்தது. குதிரை பூட்டிய சாரட்டுகளைக் கட்டிப் பழகிய பட்டறைகளே இத்தொழிலை மேற்கொண்டன. தச்சர் சாம்பல் மரத்தால் எலும்புக்கூடு சமைப்பார். தகட்டு வேலைக்காரர் அலுமினியத்தை அதன்மேல் வளைத்துப் போர்த்துவார். தோல் வேலைக்காரர் இருக்கை தைப்பார். வர்ணம் பூசுவோர் பூச்சின்மேல் பூச்சாகப் பல நாள் உழைப்பார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் வரையில் இம்முறையையே கையாண்டது. பார்க்கர், ஹூப்பர் முதலிய இலண்டன் பட்டறைகள் வாங்குவோர் விருப்பப்படி கூடு கட்டிக் கொடுத்தன.

இவ்வகை ஊர்திகளுக்கு இந்திய மன்னர்கள் பெரும் வாடிக்கைக்காரர்களாக விளங்கினர். மைசூர் அரண்மனை ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளை ஏழு ஏழாக வாங்கியது என்றும், அதனால் விற்பனையாளரிடையே மைசூரின் பெயரே ஒரு மரபுச் சொல்லாயிற்று என்றும் மோட்டார் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விருப்பத்தின் எல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1910-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் வாழ்ந்த மாத்யூசன் என்பாருக்காக, இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் நகரத்துப் புரூக் நிறுவனம் அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்து கொடுத்தது. அப்பறவையின் அலகு வழியே வெந்நீரைப் பீச்சியடித்துச் சாலையில் கூட்டத்தை விலக்கலாமாம்! பின்னர் அது நாபா மன்னரைச் சேர்ந்தது. இன்று நெதர்லாந்து நாட்டுக் காட்சியகமொன்றில் இருக்கிறது.

இக்கலை நமக்கு அயலானதன்று. சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டி கட்டும் பட்டறையே ஆகும். அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903-இல் நீராவியால் ஓடும் காரொன்றைச் சமைத்தார். கிரீனின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. அவருடன் நின்று இரும்பைக் காய்ச்சிய கொல்லரின் பெயரும் மரத்தை இழைத்த தச்சரின் பெயரும் எங்கே?

இது அரசர் மரபு. பணம் கட்டளையிடும்; கை அதனை நிறைவேற்றும்.

இதற்கு நேர்மாறான மரபொன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. 1930-களில் அந்நாட்டைப் பெரும் பொருளாதார நலிவு வாட்டியது. இளைஞரிடம் பணமில்லை, ஆனால் பழைய போர்டு வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. கூரையில்லாத, இருவர் அமரும் திறந்த வண்டியை அங்கு ரோட்ஸ்டர் என்பர். எடை குறைந்த அவ்வண்டியே இளைஞருக்கு உகந்ததாயிற்று. மட்கார்டுகளைக் கழற்றினர், படிக்கட்டுப் பலகையை நீக்கினர், கூட்டைத் தாழ்த்தி அடிச்சட்டத்தோடு படியவைத்தனர். நீர் வற்றி இறுகிய ஏரிப் படுகைகளில் கடிகாரம் வைத்து வேகத்தை அளந்தனர்.

1932-இல் ஹென்றி போர்டு எட்டு உருளைகள் கொண்ட வி-8 எஞ்சினை எளியோர் வாங்கும் வண்டியில் பொருத்தி வெளியிட்டார். அதன் திறன் 65 குதிரை. அதற்குமுன் எட்டு உருளை என்பது செல்வர்க்கே உரியதாக இருந்தது. எஞ்சினின் பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக வார்க்கும் முறையைக் கண்டதனால் விலை தாழ்ந்தது. இவ்வெஞ்சினும் 1932-ஆம் ஆண்டுக் கூடும் சேர்ந்து, பிற்காலத்தில் ஹாட் ராட் எனப் பெயர் பெற்ற ஊர்திக்கு இலக்கணமாயின. 1937-இல் பந்தயங்களை ஒழுங்குபடுத்தத் தென் கலிபோர்னியாவில் கழகமொன்று அமைந்தது. போருக்குப் பின், 1946-இல் பில் பர்க் என்பார் போர் விமானத்தின் கூடுதல் எண்ணெய்த் தொட்டியொன்றை விலைக்கு வாங்கி, அதற்குள் எஞ்சினை வைத்துப் பந்தய வண்டி செய்தார். பிறர் கழித்த பொருளில் தனக்கு வேண்டிய வடிவத்தைக் காண்பதே இம்மரபின் உயிர்.

இம்மரபின் சிறந்த ஊர்திகள் இரண்டை ஒப்பிட்டால் அதன் இயல்பு விளங்கும். 1950-இல் ஓக்லண்டு நகரக் கண்காட்சியில் அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்னும் விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் பில் நீகாம்ப். அவருடைய வண்டியின் கூடு 1929-ஆம் ஆண்டுப் போர்டு. அடிச்சட்டமோ எஸ்ஸெக்ஸ் என்னும் வேறொரு நிறுவனத்தது. தகட்டைக் கையால் தட்டி வடித்த முகப்பு, வட்டத் தடத்தில் ஓடும் பந்தய வண்டியின் மூக்கை ஒத்தது. கண்காட்சியில் பரிசு பெற்ற அவ்வண்டி, ஏரிப் படுகையிலும் இறங்கி ஓடியது. அழகு வேறு, ஓட்டம் வேறு என்று அதனைச் செய்தவர் கருதவில்லை.

மற்றொன்று டோன் ஸ்பென்சர் என்பாருடையது. அது 1932-ஆம் ஆண்டு ரோட்ஸ்டர். இரண்டாகப் பிரிந்து கூர்மையாகப் பின்சாய்ந்த முகப்புக் கண்ணாடி அதற்குத் தனி அழகு. ஏனையோர் வண்டியைத் தாழ்த்துவதையே பெருமையாகக் கொண்டிருக்க, ஸ்பென்சர் உயர்த்தினார். மெக்ஸிகோ நாட்டின் குறுக்கே 1950 முதல் 1954 வரை நடைபெற்ற நெடுந்தூரப் பந்தயத்தை அவர் மனத்திற் கொண்டிருந்தார். கரடுமுரடான சாலையில் அடிபடாதிருக்கப் புகைக்குழாய்களை அடிச்சட்டத்தின் ஊடே செலுத்தினார். நீகாம்ப் வண்டியின் அழகு தாழ்வில். ஸ்பென்சர் வண்டியின் அழகு நிமிர்வில். ஆயினும் இரண்டிலும் தேவையில்லாத உறுப்பு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தவனே அதனை வளைத்தான்.

காலம் மாறியது. 1997-இல், செல்வர்களின் பழங்கார்களுக்கென்றே நடைபெறும் பெபிள் பீச் விழாவில் ஹாட் ராட்களுக்குத் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. அதில் முதற் பரிசு ஸ்பென்சரின் வண்டிக்கே கிடைத்தது. இன்று பழைய அமைப்பைப் பின்பற்றி 1932-ஆம் ஆண்டுக் கூட்டைப் புதிய எஃகில் அச்சாக அடித்துத் தருவோர் இருக்கின்றனர். பெரும் பொருள் கொடுத்துப் பட்டறைகளில் ரோட்ஸ்டர் கட்டச் சொல்வோரும் பலர். ஏழை இளைஞனின் ஊர்தி அரசர் ஊர்தியாகிவிட்டது. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மதிக்க வேண்டும். அங்கே வண்டியைப் பற்றிப் பேசுவோர், உரிமையாளர் பெயரோடு, தகட்டை வடித்தவர் யார், எஞ்சினைச் செப்பனிட்டவர் யார், இருக்கை தைத்தவர் யார் என்று தனித்தனியே எழுதி வைக்கின்றனர். சிறுவனின் கேள்விக்கு அங்கே விடை உண்டு.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. போர் முடிந்து விமான வேலை குறைந்தபோது, அதே கைகள் பேருந்துக் கூடுகளையும் இரயில் பெட்டிகளையும் செய்தன. அப்பெட்டித் தொழிற்சாலையே 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் பகுதியாயிற்று. கலிபோர்னியாவில் விமானத் தொட்டி பந்தய வண்டியான அதே காலத்தில், இங்கே விமானத் தகடு வேலை ஊர்ப் பேருந்தாயிற்று. அத்தொழிலில் நம்மவர் பலரும் கைதேர்ந்து விளங்கினர். ஜே.சி. ரோடு உதிரிப்பாகக் கடைகளிலும், சிவாஜிநகர்க் குஜரிச் சந்தையிலும், தெருவோர டிங்கர் பட்டறைகளிலும் அவ்வறிவு பரவியது.

பந்தயமும் பிறந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைந்து அத்தளத்தில் பந்தயங்களை நடத்தியது. பெங்களூரிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து கலந்துகொண்டனர். 1950-களின் நடுவில் போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் வண்டி கோக்கும் வேலையை விட்டு நீங்கின. இறக்குமதியும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே பந்தய வீரர்கள், கையிலிருந்த பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் வண்டிகளைப் பிரித்து, கனத்தைக் களைந்து, எஞ்சினைத் திருத்தி, புதுக்கூடு கட்டினர். அவற்றை ஸ்பெஷல் என்று அழைத்தனர். பெயர் வேறு, பிறப்பு ஒன்றே. கையில் பணமும் கடையில் வண்டியும் இல்லாத இடத்தில் அறிவு தானே வழி கண்டது.

இம்மரபின் ஒரு கிளை கோவையில் செழித்தது. கரிவரதன் அவர்கள் மாருதி வண்டியின் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒருவர் அமரும் பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வகை வண்டியில் பழகியவருள் ஒருவரே பின்னாளில் உலகப் பந்தயம் வரை சென்ற நாராயண் கார்த்திகேயன். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைப் பந்தயத் தடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனமும் 1990-களின் இறுதியில் ஸ்டார்ம் என்னும் இருவர் அமரும் திறந்த காரை, பைபர் கூடும் பிரெஞ்சு நாட்டு எஞ்சினும் கொண்டு வெளியிட்டது. பெருவாரியாக அது விற்கவில்லை.

சோழவரத்து ஸ்பெஷல் வண்டிகளுக்கு என்ன நேர்ந்தது? ஒரு பருவம் ஓடிய வண்டியின் எஞ்சின் அடுத்த வண்டிக்குச் சென்றது. அச்சு மூன்றாவதற்குச் சென்றது. கூடு பழைய இரும்புக்குச் சென்றது. அரசர் ஊர்தி கொட்டகையில் துணி போர்த்திக் காக்கப்பட்டது. கைத்திறத்தால் பிறந்தது, அக்கைகளாலேயே பிரிக்கப்பட்டது.

சட்டமும் இவ்வேறுபாட்டைக் கூட்டுகிறது. தொழிற்சாலை அமைத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வெளியான விதிகள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள வண்டிகளுக்கே பழமை வண்டி என்னும் தனிப் பதிவை அளிக்கின்றன. சாலையில் செல்வோரின் பாதுகாப்பை எண்ணினால் இதில் குறைகாண இடமில்லை. ஆயினும் மாற்றப்படாதது மட்டுமே பழமை என்று கொண்டால், மாற்றியதே சிறப்பாக உடைய வண்டிக்குப் பதிவேட்டில் இடமேது? சாலையில் இடமில்லையெனினும், காட்சியகத்தில் இடம் இருத்தல் வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, மைசூர் நெடுஞ்சாலையில் உள்ள பயணா காட்சியகத்தைப் போன்ற இடங்களில், அரசர் ஊர்திக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை ஊர்தியும் நிற்குமாயின் வரலாறு நிறைவு பெறும்.

அதுவரையில் நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பெங்களூரிலும், பம்பாயிலும், கல்கத்தாவிலும், தில்லியிலும் பட்டறைகளில் உழைத்து ஓய்ந்த தமிழ் முதியோர் நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர். எந்த வண்டிக்கு எவர் கூடு கட்டினார், எந்த எஞ்சினை எந்தச் சட்டத்தில் எவ்வாறு பொருத்தினார் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. ஒரு மாலை வேளையில் அவர்கள் அருகமர்ந்து கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஓர் ஏட்டில் எழுதி வைப்போமாக. பெட்டியில் கிடக்கும் பழைய நிழற்படத்தின் பின்புறத்தில், வண்டியருகே நிற்பவர் யார் என்று குறித்து வைப்போமாக. தேரில் வீற்றிருப்பவரை ஊரே அறியும். தேரைச் செய்தவரை நாமாவது அறிந்து வைத்தல் வேண்டும். அடுத்த அணிவகுப்பின்போது சிறுவன் கேட்கும் கேள்விக்கு, அட்டை சொல்லாத விடையை நாம் சொல்லலாம்.