கோப்பில் பிறந்த அனாதை

ஸ்டான்லி மருத்துவமனையை ராயபுரத்துப் பெரிசுகள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கிவிட்டது. பஞ்சம் அனாதைகளை உண்டாக்கியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 'அனாதை' என்கிற வகைமையை உண்டாக்கியது பஞ்சம் அல்ல, பதிவேடு என்பதே என் வாசிப்பு.

1789இல் எழும்பூரில் கம்பெனி ராணுவத்தின் ஆண் அனாதைகள் விடுதி தொடங்குகிறது. ஆண்ட்ரூ பெல்லின் 'மெட்ராஸ் முறை' கல்வி பிறந்த இடம் என்று கல்வி வரலாறுகள் கொண்டாடுகின்றன. அங்கே சேர்க்கப்பட்டவர்களில் வெள்ளைச் சிப்பாய்க்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். தாய் உயிரோடிருக்கும்போதே பிள்ளை அனாதையாகலாம். அதிகாரத்தின் சொல்லாடலில் தாய் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பது காசிமேட்டுப் புழக்கம். ஆயாவிடமோ சித்தியிடமோ வளர்கிற பிள்ளையை 'எடுத்து வளத்த புள்ள' என்பார்கள். பெத்தவள் யார் என்பது தெருவுக்கே தெரியும். பத்திரமும் கிடையாது, ரகசியமும் கிடையாது. (இதைப் புனிதப்படுத்தவில்லை, அந்தப் பிள்ளைக்குச் சோற்றில் ஓரவஞ்சனை நடப்பதும் உண்டு.)

1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தது. பெற்றோர் விரும்பித்தான் ஒப்படைக்கிறார்கள் என்பதற்குக் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும் என்றது. பாதுகாப்புக்காக வந்த அந்தக் காகிதமே களவுக்கும் உதவும் என்பது 2005இல் சென்னைக் காவல்துறை பிடித்த வழக்கில் வெளிப்பட்டது. பி அண்ட் சி மில் மூடி மூன்றாண்டு கழித்து, 1999இல், புளியந்தோப்பில் இரவு பெற்றோர் பக்கத்தில் தூங்கிய குழந்தை காணாமல் போகிறது. மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அப்படிக் கடத்தப்பட்ட பிள்ளைகள் பொய்ப் பத்திரங்களோடு வெளிநாடு போனார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தக் குழந்தை நெதர்லாந்தில் இருக்கிறது என்று பெற்றோர் நம்பினார்கள். மரபணுச் சோதனை கேட்டு அங்கேயே வழக்குப் போட்டார்கள்.

2010இல் டச்சு நீதிமன்றம் மறுத்துவிட்டது. பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் விரும்பவில்லை, கட்டாயப்படுத்த முடியாது என்றது. இந்தத் தீர்ப்பைத் திட்டுவது சுலபம். எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. தன் உடம்பிலிருந்து சான்று எடுக்காதே என்று சொல்ல அந்தப் பையனுக்கு உரிமை உண்டுதானே? களவுபோனவனை மறுபடியும் ஒரு பொருளாக்கி மீட்க முடியாது. ஆனால் அவன் மறுப்பதற்குள் பதினோரு வருஷக் களவு உட்கார்ந்திருக்கிறது. அந்த மறுப்பைச் சாத்தியமாக்கிய வளர்ப்பும் மொழியும் வீடும் பொய்க்காகிதத்தின் மேல் எழுந்தவை என்றால், அதைச் சுதந்திரமான தேர்வு என்று எப்படி வாசிப்பது?

2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. அதற்குக் காரணமான விசாரணைக் குழு ஐந்து நாடுகளைக் கூர்ந்து ஆராய்ந்தது. இலங்கை அதில் உண்டு, இந்தியா இல்லை.

இந்தியத் தத்து விதிமுறைகள் 'வேர் தேடல்' என்று ஒன்றை அனுமதிக்கின்றன. தத்துப்போன பிள்ளை பதினெட்டு வயதானால் தானே விண்ணப்பிக்கலாம். பெற்றவர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. சரி, கோப்பில் இருக்கிற 'பெற்றவள்' பொய்யாக எழுதப்பட்டவள் என்றால் யாருடைய அந்தரங்கம் அது? வேர் தேடலுக்குப் பிள்ளையின் பக்கமிருந்துதான் விண்ணப்பம் வரவேண்டும். புளியந்தோப்புத் தாய் போய் நிற்கக்கூடியது காவல் நிலையமும் நீதிமன்றமும்தான்.


அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும்.