சேதி வந்து சேராத கல்வெட்டு

சீனாவின் சீயான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 781-ல் நட்டது. பெரும்பகுதி சீனமொழி, கொஞ்சம் சிரியாக். 635-ல் அலோபென் என்ற துறவி தாங் தலைநகருக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்ததையும், மூன்றே வருஷத்தில் பேரரசர் தைசோங் அதற்கு அனுமதி கொடுத்ததையும் சொல்கிறது.

எனக்குப் பிடித்தது அதன் தேதிக் குறிப்புதான். சீன ஆண்டோடு கிரேக்க ஆண்டு 1092-ம் இருக்கிறது. அது செலூக்கஸ் காலத்துக் கணக்கு. திருச்சபைத் தலைவர் ஹனானிஷோ காலத்தில் நட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனா ஹனானிஷோ அப்போ உயிரோட இல்லை! முதலாம் திமோத்தேயு ஏற்கெனவே பொறுப்பேற்றுவிட்டார். சேதிதான் சீனாவுக்கு வந்து சேரலை. எங்க தொழில்ல இதுக்குப் பேர் லேட்டன்சி.

கிறிஸ்தவ உலகம், இஸ்லாமிய உலகம், சீனா என்று மூணு டப்பாவாகப் பிரித்துத்தான் நாம் படிக்கிறோம். இந்தத் திருச்சபையை எந்த டப்பாவில் போடுவது? கான்ஸ்டான்டினோப்பிளுக்கு இவர்கள் வழிதவறியவர்கள். திமோத்தேயுவோ பாக்தாத்தில் கலீபா அல்-மஹ்தியோடு இரண்டு நாள் மத விவாதம் செய்தவர்; அதே கலீபா கேட்டு, அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல் ஒன்றை அரபிக்குக் கொண்டுவந்தவர். கல்வெட்டு வாசகத்தை எழுதிய ஜிங்ஜிங் இன்னும் சுவாரஸ்யம். பிரக்ஞா என்ற பௌத்தத் துறவியோடு உட்கார்ந்து பௌத்த சூத்திரம் ஒன்றைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். பேரரசருக்குத்தான் அது பிடிக்கலை.

845-ல் வூசோங் பேரரசர் பௌத்த மடங்களை இடித்தபோது இவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். எப்போதோ மண்ணுக்குள் போன அந்தக் கல், 1620-களில்தான் வெளியே வந்தது.