மூளைப் பிளவு அறுவையும் வலிப்பும்

மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் இணைப்பது கார்பஸ் கலோசம் என்னும் நரம்புக் கற்றை. அதில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. மருந்துக்கு அடங்காத கால்-கை வலிப்பில் இக்கற்றையை வெட்டுவதே மூளைப் பிளவு அறுவை. இதை வலிப்பைக் குணமாக்கும் சிகிச்சை என்பது தவறு. வலிப்பு கிளம்பும் இடத்தை அது தொடுவதில்லை, பரவும் வழியை மட்டுமே மறிக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் வான் வாகனன் இதில் துணிந்து இறங்கியதற்கும் அதுவே காரணம்: கட்டியாலோ பக்கவாதத்தாலோ இக்கற்றை பழுதான நோயாளிகளுக்கு வலிப்பு குறைந்திருந்ததை அவர் கவனித்தார். முதல் 10 பேரின் விவரத்தை 1940இல் வெளியிட்டார். பெரும்பலன் அடைபவர்கள், திடீரென்று தடாலென விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வகை வலிப்பு உள்ளவர்கள். அப்படி விழுவதற்கு இரு பாதிகளும் ஒருசேரப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், வெட்டு அங்கேதான் நன்றாக வேலை செய்கிறது.

வழியை அடைத்தால் பரவல் முழுவதும் நின்றிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நிற்பதில்லை. சிலருக்குப் பொதுவலிப்பு தொடர்கிறது, சிலருக்கு ஒருபக்க வலிப்பு முன்னிலும் கடுமையாகிறது. இதற்கு விடை தேட உதவுவது, வலிப்பையே ஆராயாத ஓர் ஆய்வு. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழக உளவியலாளர் மைக்கேல் கோர்பாலிஸ் (1936–2021), கற்றை வெட்டப்பட்டவர்களின் எதிர்வினை நேரத்தை அளந்தார். இரு பார்வைப் புலங்களிலும் ஒரே கணத்தில் ஒளி காட்டினால் எவரும் சற்று விரைவாகப் பதிலளிப்பர். ஆனால் இவர்களிடம் அந்த விரைவு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது என்று 1998இல் எழுதினார். புறணிக்குக் கீழுள்ள பகுதிகளில் இரு பாதிகளின் தூண்டல்களும் கூடுகின்றன, அதைக் கார்பஸ் கலோசம் இயல்பாக அடக்கிவைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இதை வலிப்புக்கு நீட்டுவது என் ஊகம்தான், ஆயினும் பொருந்துகிறது: கீழ்வழிகள் திறந்தே இருப்பதால் பொதுவலிப்பு முற்றிலும் ஒழிவதில்லை, அடக்கும் இழைகளும் சேர்ந்து அறுபடுவதால் ஒருபக்க வலிப்பு வலுக்கக்கூடும்.

கற்றையை வெட்டினால் ஒரு மனிதர் இருவராகிவிடுவாரே என்ற அச்சம் மிகையானது. இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பிளவு விளைவுகள் பெரும்பாலும் ஆய்வகச் சோதனையில்தான் தென்பட்டன; அன்றாட வாழ்வில் நோயாளி ஒருவராகவே நடமாடுகிறார். ஆனாலும் அறுவைக்குப்பின் சில நாள் பேச்சு அடங்கிப்போவது, இடக்கை சொன்னபடி கேளாதது போன்ற தொல்லைகள் உண்டு. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் பலர் முதலில் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வெட்டி, போதாவிட்டால் மீதியைத் தொடுகின்றனர். வலிப்பு கிளம்பும் இடம் தெளிவாகத் தெரிந்து அதைப் பாதுகாப்பாக அகற்ற முடியும் என்றால், இந்த அறுவைக்கு அங்கே வேலையே இல்லை.