நாற்சில்லு இயக்கக் கார்களின் டயர்த் தேய்வு

நாற்சில்லு இயக்கம் என்பது இயந்திரத்தின் விசையை முன் சோடிச் சில்லுகளுக்கும் பின் சோடிச் சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு. பேச்சுவழக்கில் இது ‘ஃபோர் வீல்’. இவ்வகைக் கார்களில் நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றவை பழையனவாகவும் இருந்தால் கேடு டயரோடு நிற்காது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கியர்ப்பெட்டி வரை போய்விடும். நான்கு டயரையும் சேர்த்து ஒரே உதிரிப்பாகமாக எண்ணுவதே சரி.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீற்றரில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் பெரியகல்லாறு போன்ற ஊரில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஏ4 நெடுஞ்சாலை ஊருக்குள்ளால் போகிறது. கிழக்கே திரும்பினால் கடற்கரை மணல். களுவாஞ்சிக்குடிக்குப் போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு இறங்கினால் வயலோரக் கிரவல் வீதிகள். மாரி மழை தொடங்கியதும் அவற்றில் குழியும் சேறும். ஒரே வாகனம் ஒரே நாளில் தாரிலும் மணலிலும் கிரவலிலும் ஓடும். 2004 சுனாமிக்குப் பின்னர் நிவாரண நிறுவனங்களின் ஜீப்புகளும் கெப் வாகனங்களும் இந்தக் கரையெங்கும் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு, இருக்கிற வாகனத்தை நீண்ட காலம் காப்பாற்றி ஓட்டுவது எல்லாருக்கும் கட்டாயமானது.

இருவகை அமைப்பு

ஹைலக்ஸ், ஜிம்னி போன்றவற்றில் நாற்சில்லு இயக்கம் தேவைப்படும்போது மட்டும் போடப்படுவது. போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட வழி போகவேண்டும். மணலில் டயர் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனக்கும், டயர் விளிம்புகள் உராயும், திரும்ப எடுக்க முயன்றால் லீவர் இறுகி நிற்கும். நேராகச் சில மீற்றர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடுபடும். மணலைத் தாண்டியதும் லீவரை மாற்ற மறப்பதே இவ்வகை வாகனங்களின் டயரைத் தின்னும் முதற் காரணம்.

ஃபொரெஸ்டர், பிராடோ போன்றவற்றில் நான்கு சில்லுக்கும் எப்போதும் விசை போகும். முன் பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தை நடுவிலுள்ள டிஃபரன்ஷலோ கிளச்சோ ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்-ட்ரெயில், வெசல் ஆகியவற்றின் நாற்சில்லு மாதிரிகளில் பின் அச்சை ஒரு கிளச்சுப் பிணைப்பு தேவைக்கேற்ப இணைக்கிறது. எப்போதும் நான்கு சில்லும் இயங்கும் முறையைச் சாலைக் காருக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் ஹரி பெர்குசனும் ஒருவர். நமது வயல்களில் உழும் மாசி பெர்குசன் இயந்திரத்தின் பெயரில் இருப்பவர் அவர்தான். அவர் தொடக்கிய முறை, அவர் மறைந்த பின் 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் விற்பனைக்கு வந்தது. 1980இல் ஆடி குவாட்ரோ வந்தபின் இது பரவலானது.

ஏன் கெடுகிறது

225/60 ஆர்17 டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 225 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 135 மில்லிமீற்றர். றிம் 17 அங்குலம். கூட்டிப் பார்த்தால் விட்டம் ஏறக்குறைய 702, சுற்றளவு 2,205 மில்லிமீற்றர். டயர் முகத்திலுள்ள பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றர் குறைந்ததும் சுற்றளவு 25 மில்லிமீற்றர் குறைகிறது. தேய்ந்த டயர் கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று கூடுதலாகச் சுழலவேண்டும். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்ச் சேருமுன் அது 150 சுற்றைத் தாண்டிவிடும்.

முன் சோடி தேய்ந்ததாகவும் பின் சோடி புதியதாகவும் இருந்தால் இந்த வித்தியாசம் முழுவதையும் நடு அமைப்பே தாங்கவேண்டும். வளைவில் சில விநாடி மட்டும் வேலை செய்ய ஆக்கப்பட்ட கிளச்சு, நேர் வீதியிலும் ஓயாமல் உராய்ந்து சூடேறும், எண்ணெய் கருகும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்லத் திரும்பும்போது கார் பிரேக் பிடித்ததுபோல் இழுத்து இழுத்துப் போனால் அது எச்சரிக்கை. அந்த நிலையிலேயே கராஜுக்குப் போனால் செலவு குறையும்.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது காருக்குக் கார் வேறுபடும். சுபாரு நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்கிறது. பள்ளத்தின் ஆழத்தில் அது ஒரு மில்லிமீற்றர்தான். வேறு சில நிறுவனங்கள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரை விடுகின்றன. கைநூலில் போட்டிருப்பதே முடிவு.

தேய்வின் அடையாளங்கள்

டயரின் இரு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. மணலில் இறங்கக் காற்றைக் குறைத்துவிட்டு, தாருக்கு ஏறியபின் அடிக்காமல் ஓடும் வாகனங்களில் இதைக் காணலாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஒரே ஓரம் தேய்ந்தால் சில்லின் சாய்வு பிழை. இடைவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்தால் ஷொக் அப்சோபரையோ பேலன்ஸையோ பார்க்கவேண்டும்.

கண்ணுக்குத் தப்புகிற தேய்வு ஒன்று உண்டு. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் அரம்போலச் சுரண்டும். கிரவல் குழியில் அடிபட்டு அலைன்மென்ட் விலகியதன் அடையாளம் இது. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது வீண்செலவு.

மாற்றும் முறை

ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக இடம் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும். பக்கச்சுவரில் சுழலும் திசை குறித்த அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்துக்குள் மட்டும் மாற்றவேண்டும். பள்ளங்களுக்கிடையே 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் வார்க்கப்பட்ட குறுக்குக் கட்டைகளின் மட்டத்துக்குத் தேய்ந்ததும் டயரின் ஆயுள் முடிந்தது. இங்கே மழைக்காலத்தில் வீதியில் தண்ணீர் நிற்கும். கட்டை மட்டத்துக்குத் தேயுமுன்பே மாற்றுவது உயிருக்குப் பாதுகாப்பு.

கல் கிழித்து ஒரு டயர் மட்டும் போனால் என்ன செய்வது? மற்ற மூன்றும் அதிகம் தேயாதிருந்தால் அதே நிறுவனத்தின் அதே மாதிரிப் புது டயர் ஒன்று போதும். அளவு ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மைச் சுற்றளவு சற்று மாறும். பாதி தேய்ந்திருந்தால் அதே மாதிரியில், அதே அளவு தேய்ந்த, பாவித்த டயர் தேடலாம். வாங்குமுன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைப் பார்க்கவேண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. வெயிலில் வெடித்த கோடுகள் இருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமானாலும் அது வேண்டாம்.

வீட்டிலேயே அளக்கலாம். நான்கிலும் காற்றைச் சமமாக அடித்து, சமதரையில் ஒவ்வொரு சில்லாக ஜக் வைத்துத் தூக்கி, தையல்காரரின் அளவுநாடாவை டயரின் நடுவால் சுற்றவேண்டும். நாடா எட்டாவிட்டால் இழுபடாத நூல். நான்கு நூலையும் ஒரு முனை சேர்த்துத் தொங்கவிட்டால், மறுமுனைகளில் எது குட்டை, எவ்வளவு குட்டை என்பது தெரிந்துவிடும்.